தக்காளி என்ன வருத்தத்தில் செத்தது?

எங்கள் பக்கம் ஒரு செத்த வீட்டுக்குப் போனால், படலையைத் தாண்டும்போதே கேட்கிற முதல் கேள்வி "என்ன வருத்தமாம்?" என்பதுதான். தொண்ணூறு வயது ஆச்சி என்றாலும் கேட்போம். "வயசுதானே" என்று பதில் வந்தால் மனம் ஆறாது. சுகரா, பிறசரா, எங்கேயாவது விழுந்தவவா என்று துருவி, ஒரு பெயரை வாங்கிக்கொண்டுதான் கதிரையில் உட்காருவோம். ஆனால் தோட்டத்தில் ஒரு வரிசைத் தக்காளி சாய்ந்து கிடந்தால் "வாடிப் போச்சு" என்று ஒரே சொல்லில் கதையை முடித்துவிட்டு, புது விதைப் பக்கற் வாங்கக் கடைக்குப் போகிறோம். நானும் அப்படிப் போனவன்தான்.

தோட்டம் களுதாவளையில். என் தோட்டம் என்பது பேச்சுக்குத்தான். மட்டக்களப்பு வழக்கப்படி மனைவிக்குச் சீதனமாக வந்த காணி, இன்றைக்கும் மாமியின் கண்ணுக்குக் கீழேதான் இருக்கிறது. கிழக்கே கொஞ்சம் நடந்தால் கடல், மேற்கே வாவி. நடுவில் மணல். கையில் அள்ளினால் விரலிடுக்கால் ஓடிவிடும். இந்த மணலில்தான் ஊரே வெற்றிலைக் கொடியும் மிளகாயும் கத்தரியும் வெங்காயமும் வைத்துப் பிழைத்திருக்கிறது. கிணறு தோண்டினால் சீக்கிரமே தண்ணீர் வரும், ஊற்றிய தண்ணீரும் அதே வேகத்தில் கீழே போய்விடும். நான் பகலில் கந்தோரில் கோப்புப் புரட்டுகிறவன். விடிய இரண்டு மணித்தியாலமும் பின்னேரம் இருட்டும் வரையும்தான் தோட்டக்காரன்.

முதல் வருடம் ஹைபிரிட் விதை வாங்கினேன். "எல்லா வருத்தத்துக்கும் நிண்டு பிடிக்கும் அண்ணன்" என்றார் கடைக்காரர். பக்கற்றின் முன்பக்கத்தில் சிவப்பாக, ஒரு புள்ளிகூட இல்லாத பழம். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போல் சில ஆங்கில எழுத்துகள். அவற்றை நான் பார்க்கவில்லை. ஒரு கிராமில் சுமார் 300 தக்காளி விதை இருக்கும், அந்த ஒரு கிராமுக்குக் கொடுத்த காசில் எங்கள் வீட்டுக்கு ஒரு வாரச் சாமான் வாங்கலாம். விலையைக் கேட்டு எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. எப் வன் விதை, அதாவது இரண்டு இனத்தைச் சேர்த்து எடுக்கிற முதல் தலைமுறை ஹைபிரிட் என்றால், தாய்ப்பூ ஒவ்வொன்றிலும் மகரந்தப் பையை மொட்டிலேயே கிள்ளி எடுத்துவிட்டு, தந்தைச் செடியின் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்க வேண்டும். பூவுக்குப் பூ மனிதக் கை. அந்தக் கூலியும் விலையில் இருக்கிறது.

மாரி மழை அடங்கி, தை பிறந்த பிறகு நட்டேன். கன்றுகள் நன்றாகவே வந்தன. மாசியில் பூத்து, காய் நெல்லிக்காய் அளவு திரண்டபோது ஒரு நாள் மதியம் ஒரு செடி தலையைத் தொங்கப் போட்டது. பின்னேரம் நிமிர்ந்துவிட்டது. வெயில்தான் என்று விட்டேன். அடுத்த நாள் மறுபடி தொங்கியது, அன்றும் இரவில் நிமிர்ந்தது. மூன்றாம் நாள் நிமிரவில்லை. விசித்திரம் என்னவென்றால் இலை மஞ்சளாகவில்லை, புள்ளி விழவில்லை, சுருளவில்லை. பச்சை பச்சையாகவே செத்தது, வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரி. பிறகு பக்கத்துச் செடி. பிறகு அதற்கடுத்தது. கிணற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்ட வரிசையில், தண்ணீர் ஓடிய திசையிலேயே சாவும் ஓடியது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. மருந்துக்கு மேல் மருந்தடித்துக்கொண்டிருந்தேன்.

மாமி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவ. "தம்பி, இது என்ன வருத்தத்தில செத்தது?"

"வாடல் மாமி."

"வாடினது எனக்கும் தெரியுது. ஆள் என்னத்தில செத்தவன் எண்டு கேட்டா, மூச்சு நிண்டு செத்தவன் எண்டு சொல்ற மாதிரிக் கிடக்கு உங்கட கதை."

அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வார இறுதியில் என் தங்கையின் மகள் வந்திருந்தாள். வந்தாறுமூலைக் கம்பஸில் விவசாயம் படிக்கிறவள். சாய்ந்த செடி ஒன்றை அடியோடு வெட்டி எடுத்து, தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரு விரல் நீளத் துண்டு நறுக்கினாள். குசினிக்குள் போய் ஒரு கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணீர் கொண்டுவந்தாள். தண்டின் மேல்நுனியில் ஈர்க்கைக் குறுக்கே குத்தி, கிளாஸ் விளிம்பில் தாங்கவிட்டு, வெட்டுவாய் மட்டும் தண்ணீருக்குள் தோயும்படி தொங்கவிட்டாள். "ஆட்டாதீங்க மாமா, சும்மா பாருங்க."

ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. இரண்டாம் நிமிடம் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் நூல் போல ஒன்று இறங்கியது. ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பிடித்தது போல, வளைந்து நெளிந்து கிளாஸின் அடியை நோக்கிப் போனது. பிறகு இன்னொரு நூல். ஐந்து நிமிடத்தில் தேங்காய்ப்பால் கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கிவிட்டது.

"இவ்வளவும் பற்றீரியா. தண்டுக்குள்ள தண்ணி போற குழாயெல்லாம் இதுகள் அடைச்சுக்கொண்டு கிடக்கு. கீழ ஈரம் இருக்கு, மேல போக வழியில்ல. அதுதான் பச்சையாவே வாடுது. நீங்க அடிச்சது பங்கசு மருந்து மாமா. இதுக்கு அடிச்சு என்ன, அடிக்காட்டி என்ன."

பற்றீரியா வாடல். ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்பது அந்தக் கிருமியின் பெயர். தக்காளியோடு நிற்காது. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை, இஞ்சி என்று பெரிய குடும்பத்தையே பிடிக்கும். செடி செத்த பிறகும் மண்ணில் வருடக் கணக்கில் கிடக்கும். ஓடுகிற தண்ணீரோடும் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும் நடக்கும். எனக்கு வாய்க்கால் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வருத்தத்தை நானே பாத்தி கட்டி, மோட்டர் போட்டு, வரிசை வரிசையாக விநியோகித்திருக்கிறேன்.

மருமகள் அதோடு விடவில்லை. மண்வெட்டியால் வேரைச் சுற்றித் தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் அலசினாள். வேர் வேராகவே இல்லை. இஞ்சிக் குருத்தும் மஞ்சள் முடிச்சும் கோர்த்தது போல் புடைத்துப் புடைத்து இருந்தது. வேர்முடிச்சு வட்டப்புழு. மணல் தரையென்றால் அதற்குக் கொண்டாட்டம். வேரைக் குத்தி உள்ளே போகும்போது அது திறந்துவைக்கிற வாசலால் பற்றீரியாவும் உள்ளே வருகிறது. ஆக, ஒரு செடிக்கு இரண்டு வருத்தம். ஒருவன் கதவைத் திறக்க, மற்றவன் வந்து கழுத்தை நெரித்திருக்கிறான்.

"பக்கற் எங்க மாமா?"

தேடி எடுத்தோம். அந்த எறும்பு எழுத்துகளை அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள். 'டீ வை' என்றால் மஞ்சள் இலைச் சுருளல் வைரசுக்கு. 'வீ', 'எப்' இரண்டும் பங்கசால் வருகிற இரண்டு வகை வாடலுக்கு. 'என்' வட்டப்புழுவுக்கு. பற்றீரியா வாடலுக்கான எழுத்து இல்லவே இல்லை. பக்கற் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அது நான்கு வருத்தத்தின் பெயரைச் சொன்னது, கடைக்காரர் அதை "எல்லா வருத்தம்" ஆக்கினார், நான் தலையாட்டினேன்.

"என் எழுத்து இருக்கே, அப்ப வேர் ஏன் இப்பிடி?" என்று கேட்டேன். இதற்கு அவள் சொன்ன பதில்தான் இந்த விஷயத்திலேயே என்னைப் பிடித்து உட்கார வைத்தது. பிறகு நானே தேடித் தேடி வாசித்தேன்.

தக்காளியின் காட்டுச் சொந்தக்காரர்கள் தென் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பெரு நாட்டுப் பக்கத்துக் காட்டுத் தக்காளி ஒன்றை வட்டப்புழு தொடாது. ஆனால் நம் தக்காளியோடு சேர்த்தால் விதை முற்றாமல் கருகிவிடும். 1944இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வாளர், கருகுமுன்னே கருவை விதைக்குள்ளிருந்து எடுத்து, ஊட்டக் கரைசலில் வைத்து வளர்த்து ஒரு கன்றைத் தப்பவைத்தார். இன்று வட்டப்புழுவைத் தாங்குகிற தக்காளிகள் அநேகமாக எல்லாமே அந்த வழியில் வந்த பிள்ளைகள். அந்த எதிர்ப்பைத் தருகிற பரம்பரையலகுக்கு, அதாவது ஜீனுக்கு, 'எம் ஐ' என்று பெயர். அதற்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. மண்ணின் வெப்பம் சுமார் 28 பாகைக்கு மேல் போனால் அது வேலை செய்யாது. வேலைநிறுத்தம்தான். பங்குனி மதியத்தில் வெறுங்காலோடு நடக்க ஏலாத எங்கள் மணலில் அது எப்போது வேலை செய்யப் போகிறது? குளிர்ந்த மண்ணில் உண்மையாக இருக்கிற ஓர் எழுத்து, களுதாவளைக்கு வந்ததும் வெறும் எழுத்தாகிவிடுகிறது.

இலைச் சுருளல் எதிர்ப்புக்கும் இதே மாதிரி ஒரு பூர்வீகம் உண்டு. சிலி, தெற்குப் பெரு வறண்ட நிலத்துக் காட்டுத் தக்காளியிலிருந்து ஒன்று, இந்தியாவில் இன்னொரு காட்டினத்திலிருந்து எடுத்த ஒன்று என்று சில பரம்பரையலகுகளை இன்றைய ஹைபிரிட்களில் தனியாகவோ கூட்டாகவோ போடுகிறார்கள். இந்த வைரசைக் காவுவது வெண் ஈ. எங்களுக்கு மாரியில் அது பெரிய தொல்லை இல்லை. கச்சான் காற்று எழும்பி ஊர் காய்கிற காலத்தில் தக்காளி வைத்தால்தான் இலையெல்லாம் குவிந்து, செடி குறண்டிப்போய் நிற்கும். அந்த நேரத்தில் 'டீ வை' உள்ள விதை கொடுத்த காசுக்கு வேலை செய்யும், அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் எதிர்ப்புள்ள செடிக்குள்ளும் கொஞ்சம் வைரசு இருக்கும், வெளியே காட்டாது. அதாவது என் செடி சிரித்துக்கொண்டு நிற்கும், வெண் ஈ அதில் குடித்துவிட்டு வேலி தாண்டிப் பக்கத்து வளவுச் சாதாரண தக்காளியில் போய் உட்காரும். அங்கே இலை சுருண்டால் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பதில் தவறில்லை.

பற்றீரியா வாடல் கதை இதைவிடச் சிக்கல். அதற்கு ஒற்றைப் பூட்டு இல்லை. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் நம்பிப் பயன்படுத்துகிற 'ஹவாய் 7996' என்ற இனத்தில் அந்த எதிர்ப்பு 6ஆம், 12ஆம் நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) முக்கியமாகவும் மற்ற இடங்களில் சில்லறையாகவும் சிதறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நல்ல பழத்துக்குள் கொண்டுவருவது லேசான வேலையில்லை. கிருமியிலும் வகைகள் பல, ஓர் ஊரில் நிற்கிற செடி இன்னோர் ஊரில் விழும். அதனால்தான் பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 'அர்கா ரக்‌ஷக்' என்ற ஹைபிரிட்டை வெளியிட்டபோது அவ்வளவு பேச்சு. இலைச் சுருளல், பற்றீரியா வாடல், முன்கருகல் மூன்றையும் ஒரே செடியில் தாங்கவைத்தார்கள். நல்ல பராமரிப்பில் ஒரு செடியில் 18, 19 கிலோ பறித்த விவசாயிகளின் கதைகள் அங்கே பத்திரிகைகளில் வந்தன. பிறகு பின்கருகலையும் சேர்த்து நான்கு நோய்க்கு 'அர்கா அபேத்' என்று இன்னொன்று வந்தது.

இதை வாசித்த கையோடு, சென்னைக்குக் கலியாணச் சாமான் எடுக்கப் போகிற மச்சானிடம் "சேலைக்குள்ள வைச்சு ஒரு பக்கற் கொண்டுவா" என்று சொல்லலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். சொல்லவில்லை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் ஒரு காரணம். அனுமதியில்லாமல் விதை கொண்டுவரக் கூடாது. அதைவிட, விதையோடு இங்கே இல்லாத ஒரு புது வருத்தத்தையும் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தால் ஊரில் முகம் காட்ட முடியாது.

இரண்டாம் வருடம் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். முதல் வருடச் சாவில் தப்பிய செடிகள் கொஞ்சம் இருந்தன. தப்பினது பலசாலி, அதன் பிள்ளையும் பலசாலியாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, அவற்றின் பழத்திலிருந்து விதை எடுத்தேன். மாமிக்கு அதில் பெரிய சந்தோஷம். அவவின் இளமையில் நாட்டுத் தக்காளி விதையைச் சாம்பலில் பிரட்டிக் காயவைத்து முடிந்து வைப்பார்களாம். சிறிய பழம், மடிப்பு மடிப்பாக இருக்கும், புளிப்பு நாக்கைப் பிடிக்கும், ஒரு பழம் போட்டால் மீன் குழம்புக்குப் புளி வேண்டாம். 1978 நவம்பர் சூறாவளியில் வீட்டு முகடும் அந்த விதை முடிச்சும் ஒன்றாகப் போனது. "மறுகா அந்த இனம் கிடைக்கவே இல்ல" என்று சொல்லும்போது, இழந்த மற்ற எதையும்விட அதுவே பெரிது என்பது போல் இருக்கும்.

நாட்டு விதைக்கு அந்த முறை சரி. ஹைபிரிட்டுக்குச் சரிவராது. கன்று வளர வளர ஆளுக்கொரு சாடை. ஒன்று நெட்டை, ஒன்று கட்டை, ஒன்றில் பேரிக்காய் மாதிரிப் பழம், பக்கத்தில் கோலிக்குண்டு. தாயிலிருந்து ஒன்றும் தந்தையிலிருந்து ஒன்றுமாகச் சேர்த்த சீட்டுக்கட்டை மறுபடி கலைத்துப் போட்டால் அப்படித்தான் விழும். எதிர்ப்பு ஒரே பரம்பரையலகில் இருந்து, அதுவும் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்ததென்றால், அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்றுக்கு அது சுத்தமாக இருக்காது. பல இடங்களில் சிதறிக் கிடக்கிற எதிர்ப்பென்றால் கணக்கே போட வேண்டாம். அந்த வருடம் சுருண்ட செடியும் சுருளாத செடியும் ஒரே பாத்தியில் தோளோடு தோள் நின்றன. மாமி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கோலிக்குண்டுப் பழத்தைப் பிடுங்கி வாயில் போட்டு, "புளிப்பும் இல்ல" என்றுவிட்டுப் போனா.

மூன்றாம் வருடம் விவசாயப் போதனாசிரியரிடம் போய், இந்த முறை விதையின் பெயரைக் கேட்காமல் வருத்தத்தின் பெயரைச் சொன்னேன். கிளாஸில் கண்டதையும் சொன்னேன். மனிதர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுப் பேசினார். விவசாயத் திணைக்களத்தின் 'திலின' வாடலை ஓரளவு தாங்கும், அது ஹைபிரிட் இல்லை, அதனால் விதையும் எடுக்கலாம் என்றார். ஹைபிரிட்தான் வேண்டுமென்றால் பக்கற்றில் பற்றீரியா வாடலுக்கான 'பி டபிள்யூ' எழுத்தைப் பார்த்து வாங்கச் சொன்னார். 'எதிர்ப்பு', 'தாங்கும்' என்ற இரண்டு சொல்லையும் ஒன்றாக நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார். தாங்கும் என்றால் நோய் வரும், செடி சமாளிக்கும். சமாளிக்க விடுவது நம் வேலை. கத்தரி, மிளகாய் நின்ற தரையில் திரும்பத் தக்காளி வைக்காமல் இடையில் சோளமோ கச்சான் கடலையோ போடச் சொன்னார். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெரும்போக வயல் அறுத்த தரையில் தக்காளி வைப்பவர்களுக்கு இந்த வருத்தம் குறைவாக இருப்பதற்கும் காரணம் அதுதானாம். மாதக் கணக்கில் நெல்லுக்குத் தண்ணீர் கட்டிய மண்ணில் வட்டப்புழுவும் தங்காது, பற்றீரியாவும் குறைந்துபோகும். கடல் பக்கத்து எங்கள் எழுவான்கரை மணலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தைவானில் 1971இல் தொடங்கிய உலகக் காய்கறி மையம் இதற்கு வேறு வழி ஒன்று சொல்லிக்கொடுத்திருக்கிறது. வாடலைத் தாங்குகிற கத்தரிக் கன்றின் வேரில் தக்காளியின் தலையை ஒட்டுவது. ஒரே குடும்பம் என்பதால் ஒட்டிக்கொள்ளும். வெள்ளம் நின்றாலும் கத்தரி வேர் தக்காளி வேரைவிடத் தாங்குமாம், 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த எங்களுக்கு அது சின்ன விஷயமில்லை. நானும் சவர அலகும் சின்ன ரியூப் துண்டுமாக உட்கார்ந்து இருபது கன்று ஒட்டினேன். ஏழு பிழைத்தன. கந்தோர்க் கைக்கு அது போதும்.

அந்த வருடம் இரண்டு பாத்தி 'திலின', இரண்டு பாத்தி 'பி டபிள்யூ' ஹைபிரிட். வாய்க்காலை மூடிவிட்டு, செடிக்குச் செடி குழாயால் தண்ணீர். மேட்டுப்பாத்தி, எருவும் உமிச் சாம்பலும் தாராளமாக. வாடிய செடி கண்ணில் பட்டால் அன்றே மண்ணோடு தோண்டி எடுத்து எரிப்பேன். இரண்டு இனத்திலும் சில போயின, பெரும்பகுதி நின்றது. விதை காப்பாற்றியதா, வாய்க்காலை மூடியது காப்பாற்றியதா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் அப்படித்தான். மருமகள் இதற்காக என்னைத் திட்டினாள், ஒரு பாத்தியையாவது பழைய மாதிரி விட்டிருக்க வேண்டுமாம். வட்டிக்கு எடுத்த காசில் யார் அப்படி விடுவார்?

பழத்தின் அடி கறுத்துப்போவதை இன்னும் சிலர் நோயென்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். அது கல்சியம் போய்ச் சேராத குறை, ஒரு நாள் காயவிட்டு ஒரு நாள் குளிக்கவார்த்தால் மணல் தரையில் கட்டாயம் வரும். பக்கற்றில் எந்த எழுத்தும் அதற்கு உதவாது, தண்ணீரை ஒழுங்காக ஊற்றினால் போதும்.

போன கிழமை ஒரு செடி தலை தொங்கியது. நல்ல செடி, மூன்று பறிப்புப் பறித்தது. கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். கிளாஸ் எடுக்கக் குசினிக்குள் நுழைந்தபோதே மனைவி பார்த்துவிட்டா. "அதில இனி ஆர் தேத்தண்ணி குடிக்கிற?" என்று கேட்டு, பழைய கிளாஸ் ஒன்றின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துத் தந்தா. தண்டைத் தொங்கவிட்டு நானும் மாமியும் திண்ணையில் காத்திருந்தோம். இரண்டு நிமிடம். ஐந்து. பத்து. தண்ணீர் கிணற்றிலிருந்து அள்ளியபடியே தெளிவாக நின்றது.

"ஒண்டும் வரல்ல. அப்ப இது வேற வருத்தம்" என்றா மாமி.

வேரில் முடிச்சு பெரிதாக இல்லை. யோசித்துப் பார்த்தால் இதன் கீழ் இலைகள் ஒரு பக்கமாக மஞ்சளாகியும் இருந்தன. தண்டை நெடுக்காகப் பிளந்தேன். தோலுக்குக் கீழே, பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவில், தேத்தண்ணிக் கறை மாதிரிக் கபில நிறக் கோடுகள் மேலே ஏறிப் போயிருந்தன. பியூசேரியம் என்ற பங்கசாக இருக்கலாம். ஆனால் பக்கற்றில் 'எப்' எழுத்து இருந்ததே? தகரப் பெட்டிக்குள் கிண்டி எடுத்துப் பார்த்தேன். இருந்தது. பக்கத்தில் 1, 2 என்று இரண்டு இலக்கமும் இருந்தன.

மருமகளுக்குக் கோல் எடுத்தேன்.

"அந்த இலக்கம் பங்கசின்ர வகை. மூண்டாவதும் ஒண்டு இருக்கு மாமா" என்றாள். "தண்டைக் கடதாசியில சுத்தி வைங்க, பொலித்தீனில போடாதீங்க. ஞாயிற்றுக்கிழமை வாறன்."